யாழ்ப்பாணத்துப் பங்கசுகளை எந்த வழியில் எண்ணுவது?

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சான், நல்லூர்த் தேர் முடிந்த மறுநாள் எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டார்: "யாழ்ப்பாணத்தில எத்தினை வகைப் பங்கசு இருக்கும்? ஒரு நம்பர் சொல்லு பாப்பம்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "செலவை நான் தாறன். மூண்டு லட்சம். தைப்பொங்கலுக்கு நம்பர் வந்தாச் சரி."

இந்தத் தலையிடி அப்படித்தான் தொடங்கியது. நாங்கள் மூன்று பேர். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். இன்னொருவன் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் தம்பி. மூன்றாமவர், விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா. கையில் மூன்று இலட்சம் ரூபாய், ஒரே ஒரு மாரி. எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசி வரை நிலம் காய்ந்து கிடக்கும். ஆகவே எந்த வழியில் இறங்குவது என்பதை மழைக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதே கேள்வியுடன் வேறு ஊர்களிலும் ஆட்கள் இருப்பார்கள் என்ற எண்ணத்தில், நாங்கள் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த கதையை எழுதுகிறேன்.

முதலில், எண்ணப்போவது என்ன? காளான் என்பது பங்கசின் பழம் மாதிரி. மாமரத்தை மாங்காய் காய்க்கும் நாளில் மட்டும் எண்ணுவது போலத்தான் காளானை மட்டும் எண்ணுவதும். பாணில் பிடிக்கும் பூஞ்சணமும் பங்கசு. கள்ளை நுரைக்க வைக்கும் மதுவமும் பங்கசு. பூவரசம் பட்டையில் சாம்பல் திட்டாக ஒட்டியிருக்கும் இலைக்கனில் பாதி பங்கசு. சின்ன வெங்காயத்தின் இலையை முறுக்கிச் சுருட்டும் நோயும் அதன் வேலைதான். ஆனால் முந்திரிகை (திராட்சை) இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் படரும் நோயைத் தருவது பங்கசு அல்ல. நீர்ப்பாசிகளுக்குக் கிட்டிய வேறொரு கூட்டம். பழைய பட்டியல்களில் அவையும் பங்கசுக் கணக்கில்தான் நின்றன. எல்லையைக் கீறாமல் எண்ணத் தொடங்கினால் தொகை தொடக்கத்திலேயே பிழைத்துவிடும்.

உலகத்துக்கே ஒத்துக்கொண்ட ஒரு தொகை இல்லை என்பதை மச்சானுக்கு அன்றைக்கே சொன்னேன். 1991-இல் பிரித்தானியப் பங்கசியலாளர் டேவிட் ஹோக்ஸ்வர்த் 15 இலட்சம் இனங்கள் என்றார். 2005-இல் மண்ணின் டிஎன்ஏயை வைத்துக் கணக்கிட்டவர்கள் 35 முதல் 51 இலட்சம் வரை போனார்கள். 2017-இல் ஹோக்ஸ்வர்த்தும் ரொபேட் லூக்கிங்கும் 22 முதல் 38 இலட்சம் என்று திருத்தினார்கள். 2023-இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் அறிக்கை 25 இலட்சத்தை எடுத்துக்கொண்டது. பெயர் சூட்டப்பட்டவை ஏறக்குறைய 1,55,000. ஆக, பத்தில் ஒன்றுக்குக் கூடப் பெயர் இல்லை. "அப்ப மிச்சம் எங்கை?" என்று அவர் கேட்டார். பெரும்பகுதி எங்களைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில்தான் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஆகச் சுலபமானது, திண்ணையை விட்டு எழும்பாமலே செய்யக்கூடியது: தாவரங்களை எண்ணி, ஒரு பெருக்கியால் பெருக்குவது. ஹோக்ஸ்வர்த்தின் 15 இலட்சம் அப்படி வந்ததுதான். பிரித்தானியாவில் சுமார் 2,000 உள்ளூர்த் தாவர இனங்களுக்கு ஏறக்குறைய 12,000 பங்கசு இனங்கள், ஒன்றுக்கு ஆறு. உலகத்தின் 2,70,000 தாவரங்களை ஆறால் பெருக்கி, கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். அதே கணக்கை இலங்கைக்குப் போட்டுப் பார்த்தோம். பூக்கும் தாவரங்கள் ஏறக்குறைய 3,150. ஆறால் பெருக்கினால் 18,900. பென்சிலை வைத்துவிட்டு மச்சானுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கலாம்.

ஆனால் ஆறு என்ற பெருக்கியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நூறு வருடங்களுக்கு மேலாகக் காளான் பொறுக்கிப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் குளிர்நாட்டின் விகிதம் அது. 1999-இல் புரொலிக்கும் ஹைட்டும் அவுஸ்திரேலியாவிலும் புரூணையிலும் ஆறே ஆறு பனைக்குடும்ப மரங்களைத் துருவிப் பார்த்துவிட்டு, ஓர் இனத்துக்கு 33 பங்கசு என்ற விகிதம்தான் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். எங்களுக்குப் பனை என்றால் காது நிமிரும்தானே. 3,150-ஐ 33-ஆல் பெருக்கினால் ஒரு இலட்சத்தைத் தாண்டும். ஒரே தாவரப் பட்டியல். பெருக்கியைப் பொறுத்து விடை ஐந்தரை மடங்கு மாறுகிறது. போதாததற்கு 2014-இல் தெடர்சூவும் கூட்டாளிகளும், தாவரத்துக்கும் பங்கசுக்கும் இடையிலான விகிதம் உலகெங்கும் ஒரே மாதிரி இல்லை, துருவங்களை நோக்கிப் போகப்போகத் தாவரத்தின் பங்கு சரிகிறது என்று காட்டினார்கள். குளிர்நாட்டு விகிதத்தை வெப்பமண்டலத்தில் போட்டால் தொகை வீங்கும் என்பது இதன் பொருள். ஒருவர் கூட்டச் சொல்கிறார், மற்றவர் குறைக்கச் சொல்கிறார். இரண்டு பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு கரைச்சலும் உண்டு. எங்கள் தோட்டக் காணிகளில் நிற்கும் செடிகளில் பல வந்தேறிகள். மிளகாயும் புகையிலையும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தவை. மணற்காட்டுச் சவுக்கு நட்டு வளர்த்தது. ஊர்விட்டு ஊர் வந்த செடி, தன் சொந்தப் பங்கசுகள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அதையும் ஆறால் பெருக்குவது எந்த நியாயம்? அக்கா ஒரே வசனத்தில் முடித்தார்: "உது எண்ணிறதில்லை தம்பி, வாய்ப்பாடு சொல்லுறது."

இரண்டாவது வழி, பழைய ஏடுகளைப் புரட்டி, தெரிந்ததை ஒரு பட்டியலாக்குவது. இதில் இலங்கைக்குக் குறை சொல்ல முடியாது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைற்ஸ் சேர்த்து அனுப்பிய மாதிரிகளை வைத்து 1870-களில் இங்கிலாந்துப் பங்கசியலாளர்கள் பேர்க்லியும் புரூமும் இலங்கைப் பங்கசுகளை வரிசையாக விவரித்தார்கள். அதற்கு முன்பே, 1869-இல், கோப்பித் தோட்டங்களை அழித்த துருநோயின் பங்கசுக்குப் பேர்க்லி பெயர் வைத்தது துவைற்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்துத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் பெச் பேராதனையில் இருந்து ஆயிரக்கணக்கில் சேர்த்தார். பெச்சும் பிஸ்பியும் சேர்ந்த பட்டியல் 1950-இல் வந்தது. 1986-இல் பெக்லர், குடையின் அடியில் செதிள் (தகடு தகடான மடிப்பு) வைத்த காளான்களுக்கு மட்டும் ஒரு நூல் எழுதினார். அதிலேயே 400-ஐ ஒட்டிய இனங்கள். ஆனால் இந்தச் சேகரிப்புகளில் பெரும்பாலானவை பேராதனையைச் சுற்றியும் மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் எடுக்கப்பட்டவை. எங்கள் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கிறது. பட்டியல் வேண்டும், பெயர் கண்டுபிடிக்கும்போது அதைத்தான் முதலில் திறப்போம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கேள்விக்கு அதில் விடை கிடையாது. இந்த வழியை ஒரு பின்னேரத்துக்குள் தள்ளிவைத்தோம்.

மூன்றாவது வழியில் தம்பிக்குத்தான் ஆசை: இலைக்குள் ஒளிந்திருக்கும் பங்கசுகளை வளர்த்தெடுப்பது. பச்சையாக, நோயில்லாமல் இருக்கும் இலைக்குள்ளும் பங்கசு குடியிருக்கும். இலையைக் கழுவி, மதுசாரத்திலும் வெளிற்றும் தூள் கரைசலிலும் தோய்த்து, வெளித்தோலில் இருப்பதைக் கொன்று, இரண்டு மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த ஏகார் என்ற வளர்ப்புக் கூழில் வைத்தால் சில நாட்களில் துண்டின் விளிம்பிலிருந்து பூசண இழை கிளம்பும். 2000-ஆம் ஆண்டில் பனாமாவில் ஆர்னோல்டும் கூட்டாளிகளும் இரண்டே இரண்டு மர இனங்களின் 83 இலைகளிலிருந்து 418 உருவ வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். அதில் 59 சதவீதம் ஒரே ஒரு தடவை மட்டும் கிடைத்தவை. எண்பத்து மூன்று இலை! எங்கள் வளவு மாமரத்தில் ஒரு கொப்பில் அதைவிடக் கூட இருக்கும்.

வெப்பமண்டலப் பல்வகைமைக்கு இதைவிட மனதில் நிற்கும் சான்று எனக்குத் தெரியாது. அதனாலேயே இந்த வழி ஆபத்தானதும்கூட. தட்டில் வெள்ளையாக வருவது, சாம்பலாக வருவது, கறுப்பாக வருவது என்று பிரித்து "உருவ வகை" என்கிறோம். ஒரே இனம் இரண்டு தட்டில் இரண்டு நிறம் காட்டும், இரண்டு இனம் ஒரே மாதிரிக் கிடக்கும். வேகமாக வளர்பவை மெல்ல வளர்பவற்றை மூடிவிடும். ஏகாரில் வளரவே வளராதவை கணக்கிலேயே வராது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் நாங்கள் விளையாட்டாகப் பனை ஓலையில் இதைச் செய்து பார்த்தோம். மூன்று நாள் மின்வெட்டில் அறை வெந்து, முப்பது தட்டிலும் ஒரே பச்சைப் பூஞ்சணம். ஓலையிலிருந்து வந்ததா, எங்கள் சட்டையிலிருந்து வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

நான்காவது வழி இன்றைய நாகரிகம். மண்ணை அள்ளு, டிஎன்ஏயைப் பிரி, பங்கசுகளுக்கு அடையாளத் துண்டாக 2012-இல் முன்மொழியப்பட்ட ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கு, கோடிக்கணக்கான எழுத்துகளை வாசி, ஒத்தவற்றைக் குவியலாக்கு. ஒவ்வொரு குவியலும் ஏறக்குறைய ஓர் இனம். தெடர்சூவின் 2014 ஆய்வு இப்படித்தான் உலகில் 365 இடங்களின் மேல்மண்ணை வாசித்தது. ஒவ்வொரு இடத்திலும் நாற்பது புள்ளிகளில் எடுத்துக் கலந்தார்கள். காளானாக மேலே வராததும், ஏகாரில் வளராததும், கண்ணுக்கே தெரியாத மதுவமும் இதில் பிடிபடும். மச்சான் கேட்ட "நம்பர்" உடனே கிடைக்கும் ஒரே வழி இதுதான். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி எடுக்க வேண்டும், வாசிப்புச் செலவில் எங்கள் பணத்தின் பெரும்பங்கு போய்விடும். அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம்.

மாற்றியது எது என்றால், வரப்போகும் கோப்பை மனதில் விரித்துப் பார்த்ததுதான். வரிசையாகக் குவியல் எண்கள். பக்கத்தில் பெயர்: "பங்கசு, இனந்தெரியாதது". அடுத்த வரி: "பங்கசு, இனந்தெரியாதது". ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் எங்கள் பக்கத்து உலர்மாதிரிகளின் டிஎன்ஏ வரிசைகள் இருந்தால்தானே பெயர் வரும்? அவற்றை யார் போட்டது? அநேகமாக ஒருவரும் போடவில்லை. வெறும் டிஎன்ஏ எழுத்துகளை வைத்தே புதிய இனத்துக்குப் பெயர் வைக்க அனுமதிக்க வேண்டும் என்ற முன்மொழிவை 2018-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் கூடிய பங்கசியலாளர் மாநாடு ஏற்கவில்லை. கையில் தொடக்கூடிய மாதிரி ஒன்று இருந்தாக வேண்டும். மேலும் மண்ணில் கிடக்கும் டிஎன்ஏ எல்லாம் அங்கே வாழ்வதன் டிஎன்ஏ இல்லை. சோளகத்தில் பறந்து வந்து விழுந்த வித்தியும் (பங்கசின் விதை போன்ற துகள்) செத்துப்போனதன் மிச்சமும் அதில் கலந்திருக்கும்.

இருந்தாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: கண்ணால் பார்த்து இனம் பிரிப்பதில் எவ்வளவு ஏமாறுகிறோம் என்பதை டிஎன்ஏதான் காட்டிக்கொடுத்தது. வெங்காய இலைச் சுருளலுக்குக் காரணமென்று அக்கா வேலைக் காலம் முழுக்கத் தாளில் எழுதிய பெயர் கொலட்டோட்ரைக்கம் குளோயோஸ்போரியாய்டிஸ். 2012-இல் வெயரும் கூட்டாளிகளும் அந்த ஒரு பெயருக்குள் 22 இனங்கள் இருப்பதாகப் பிரித்துவைத்தார்கள். "அப்ப நான் முப்பது வருசமா இந்த இருவத்திரண்டில எதுக்கு மருந்து அடிக்கச் சொன்னனான்?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

ஐந்தாவது வழி, காணிக்குள் இறங்கி நடப்பது. எங்கள் காலைப் பிடித்து இழுத்ததும் இதுதான், பயமுறுத்தியதும் இதுதான்.

பயத்தை முதலில் சொல்கிறேன். சுவிற்சர்லாந்தில் 1,500 சதுர மீற்றர் காட்டுத்துண்டு ஒன்றை 21 வருடங்கள் கிழமைக்குக் கிழமை போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 71,222 காளான்கள், 408 இனங்கள். ஆனால் ஒரு வருடத்தில் ஆகக் குறைந்தது 18 இனம், ஆகக் கூடியது 194. இருபத்தொரு வருடமும் பிடிவாதமாக நின்றவர்கள் இல்லாமல், ஒரே ஒரு வருடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்தக் காட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? எங்களுக்கு இருப்பதோ ஒரு மாரி.

இழுத்தது வேறொன்று. போன வருடம் ஐப்பசியில் முதல் மழைக்குப் பிறகு ஒரே காலையில் இரண்டு வெள்ளைக் காளான் கிடைத்தன. ஒன்று பனங்காணியில் கறையான் புற்றடியில், மற்றது பள்ளிக்கூடப் புல்தரையில். இரண்டும் உள்ளங்கை அகலம், இரண்டும் குடை மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புத்துக் காளான் எண்டா கால் கீழ இறங்கிக்கொண்டே போகும். பிடுங்காத, தோண்டு." தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கிட்ட, மெலிந்து மெலிந்து, கறையானின் பங்கசுத் தோட்டம் வரைக்கும் வேர் போல இறங்கியது. புல்தரையில் எடுத்ததற்கு அடியில் ஒன்றுமில்லை, ஒரு சின்னக் குமிழ் மட்டும்.

இரண்டின் தலையையும் வெட்டி, செதிள் கீழே பார்க்க வெள்ளைத் தாளில் வைத்து, தேத்தண்ணிக் கிளாசால் மூடிவிட்டுப் படுத்தேன். விடிய எடுத்துப் பார்த்தால் புற்றுக் காளானுக்குக் கீழே இளஞ்சிவப்புத் தூள், ஆரக்கால் போட்ட சில்லு மாதிரி. மற்றதன் கீழே பச்சை. பாசிப்பயறுத் தோலின் பச்சை. முதலாவது டெர்மிட்டோமைசிஸ், அந்தக் கூட்டத்தில் ஓர் இனத்துக்கு 1847-இல் பேர்க்லி பெயர் வைத்தது இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். இரண்டாவது குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். தின்றால் சத்தியும் வயிற்றோட்டமும் நிச்சயம். தாளின் மேல் கிடந்த அந்த இரண்டு தூள் வட்டத்தில் இருந்த தகவல், மண்ணை அனுப்பி வாங்கும் கோப்பில் இருக்காது: எங்கே முளைத்தது, எதன்மேல் முளைத்தது, காலின் நீளம், மணம், பெரியம்மாவுக்கு அதைப் பற்றித் தெரிந்தது. (இதைப் படித்துவிட்டு வித்தித் தூளின் நிறத்தை மட்டும் நம்பிக் கறி வைக்கப் போகாதீர்கள்.)

நடந்து பொறுக்குவதில் வரும் தொகை குறைவுதான். ஆனால் காணாததையும் ஓரளவு கணக்கிட ஒரு வழி இருக்கிறது. புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984-இல் கொடுத்த சூத்திரம்: ஒரே தடவை அகப்பட்ட இனங்களின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்து, இரண்டு தடவை அகப்பட்டவற்றின் இரட்டிப்பால் வகு, வந்ததைக் கண்ட தொகையோடு கூட்டு. ஒரு பேச்சுக்கு, 60 இனம் கண்டோம், அதில் 30 ஒரே தடவை, 10 இரண்டு தடவை என்று வையுங்கள். 900-ஐ 20-ஆல் வகுத்தால் 45. ஆகக் குறைந்தது 105 இனம் அங்கே இருக்க வேண்டும். "ஆகக் குறைந்தது" என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். இது கீழ் எல்லை, நடு மதிப்பு இல்லை.

இந்தச் சூத்திரம் எங்கே சறுக்கும் என்பதைப் பார்த்ததும்தான் எங்கள் தீர்மானம் பாதி முடிந்தது. அந்த 30-இல் பத்து எங்கள் பிழை என்று வையுங்கள். ஒரே காளானின் மழையில் நனைந்த உருவத்தையும் வெயிலில் காய்ந்த உருவத்தையும் இரண்டாக எழுதிவிட்டோம். திருத்தினால் கண்டது 50, ஒரே தடவை 20. 400-ஐ 20-ஆல் வகுத்தால் 20. மொத்தம் 70. பத்துப் பிழை, 35 இனத்தை விழுங்கிவிட்டது. ஆக, ஒற்றையாக அகப்படுபவைதான் முழுக் கணக்கையும் தூக்கிப்பிடிக்கின்றன. டிஎன்ஏ வாசிப்பில் இயந்திரப் பிழைகளெல்லாம் ஒற்றைகளாகவே வந்து விழும். அவற்றைத் திரும்பப் போய்ப் பார்க்க வழியில்லை. உலர்மாதிரி என்றால் உறையைத் திறந்து, நுணுக்குக்காட்டியில் வைத்து, "இது அதேதான்" என்று அடித்துவிடலாம். ஒற்றையாக வந்த ஒவ்வொன்றையும் மறுபடி பிடித்துப் பார்க்க முடியுமா? வழிகளைத் தரம் பிரிக்க நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். பெருக்கல் வழிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. தட்டில் வளர்ப்பதில், மின்சாரம் இருக்கும்வரை முடியும்.

இன்னொன்று, தடவை என்பதைத் தலையால் எண்ணக்கூடாது. ஒரு மரக்குற்றியில் நூறு சின்னக் காளான் பூத்தால் அது ஒரு தடவை. இன்ன நாளில் இன்ன துண்டில் இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுத வேண்டும். தம்பி இதில் வலு கண்டிப்பு. மாங்கொப்பிலும் செத்த தென்னையிலும் எங்கும் கிடக்கும், செதிள் நீளவாக்கில் பிளந்த ஷைசோபில்லத்தை நாற்பது தரம் எண்ணி மகிழ்வதில் அர்த்தமில்லைத்தானே.

அப்படியானால் முடிவு? நடப்பதைத்தான் எடுத்தோம், ஆனால் தனியாக இல்லை. மூன்று வழிகளுக்கு இடையில் ஒரு வேறுபாடு நாங்கள் பேசிப் பேசித்தான் பிடிபட்டது: பெருக்கல் எப்போதும் செய்யலாம், மண்ணை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணியோடு உலர்த்திக் குளிரில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், வாசிப்பு மலிந்த பிறகு அனுப்பலாம், காளான் மட்டும் நாளை மத்தியானத்துக்குள் புழுத்துவிடும். காத்திருக்க முடியாததற்கு இந்த மாரியைக் கொடுப்பது, காத்திருக்கக் கூடியதை எடுத்துப் பூட்டி வைப்பது. டிஎன்ஏ முதலில் என்று நின்ற தம்பியும் இதற்கு இறங்கிவந்தான். நாளைக்கு மண் வாசிக்கும்போது பெயர் சொல்ல எங்கள் மாதிரிகளே அங்கே இருக்கும் என்பதுதான் அவனை மடக்கிய வாதம்.

இடம் மூன்று: கோப்பாய்ப் பக்கம் ஒரு பனங்காணி, தொண்டைமானாற்றுக் கண்டலோரம், மணற்காட்டுச் சவுக்குத் தோப்பு. சவுக்குக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், கிடைக்காவிட்டால் இரண்டு. ஒவ்வொன்றிலும் 50 மீற்றருக்கு 20 மீற்றர் துண்டு, நைலோன் கயிறு கட்டி. ஐப்பசி முதல் தை வரை கிழமைக்கு இரண்டு தரம். பணத்தில் ஒரு பங்கு சிலிக்கா மணிக்கும் உறைகளுக்கும், பெரிய பங்கு ஐம்பது அறுபது மாதிரிகளின் ஐடிஎஸ் பகுதியைத் தனித்தனியாக வாசிப்பிக்க. அதிலும் ஒற்றையாகக் கிடைத்தவைக்கும் பெயர் குழம்பியவைக்கும் முன்னுரிமை. துண்டு ஒவ்வொன்றிலும் நாற்பது புள்ளியில் மண் எடுத்துக் கலந்து உலர்த்தி வைப்போம். இலை வளர்ப்பை இந்த முறை விட்டோம். தம்பிக்கு மனவருத்தம், ஆனால் மின்சாரத்தை அவனாலும் உத்தரவாதப்படுத்த முடியாது.

உலர்த்துவதற்கு மாரியில் வெயிலை நம்ப முடியாது. பெரிய பிஸ்கட் தகரத்தின் அடியில் 40 வாட் பல்ப் ஒன்றும் மேலே கம்பிவலையும் போதும், மெல்லிய சூட்டில் ஒரு இரவில் காளான் கடதாசி போலாகிவிடும். ஆனால் இப்போதுள்ள எல்இடி பல்ப் சூடாகாது. பழைய குண்டு பல்ப் தேடி யாழ்ப்பாணம் டவுனில் ஐந்து கடை ஏறினேன். கடைசிக் கடைக்காரர் பரணிலிருந்து தூசி தட்டி இரண்டை எடுத்துத் தந்தார். "உதை இப்ப ஆர் ஐயா வாங்கினம்? கோழிக்குஞ்சுக்கோ?" ஓம் என்றேன்.

மச்சானுக்குப் போன கிழமை தொலைபேசியில் சொன்னேன்: பொங்கலுக்கு யாழ்ப்பாணத்துக்கான நம்பர் வராது. மூன்று துண்டு நிலத்துக்கு மூன்று மூன்று தொகை வரும்: கண்டது எத்தனை, அதில் ஒரே தடவை கண்டது எத்தனை, ஆகக் குறைந்தது எத்தனை இருக்க வேண்டும். அதோடு, பெயர் வைத்தும் வைக்காமலும் சில நூறு உறைகள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அந்த மண் எங்க வைக்கிறியள்?" எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், கீழ்த்தட்டில் என்றேன். "தங்கச்சிக்குத் தெரியுமோ?" இன்னும் சொல்லவில்லை.